இந்த ஊரில் கொலை நடப்பதில்லை

முந்நூற்றுப் பதினோரு கொலைகள்.
அது என் கணக்கு.
பதிப்பகத்தார் கணக்கில் முந்நூறுதான்,
மீதிப் பதினொன்றுக்கு அவருக்குப் பணம் வரவில்லை.

ஜெர்வாசியோ தவெய்ரா,
போர்ட்டோ துறைமுகத்தில் காப்பீட்டு குமாஸ்தா.
மாலை ஆறுக்கு மேல் ஃபிராங்க் ஹாலம்.
சனிக்கிழமை முழுக்க டி. எல். மார்க்ஸ்டன்.
மழை விடாத வாரங்களில் மிஸ் எடித் கார்வே.
இப்படிப் பதினேழு பேர்
ஒரே தட்டச்சு இயந்திரத்தில் குடியிருந்தார்கள்.
வால் ஒடிந்த ஓர் எழுத்து
அத்தனை பேரையும் காட்டிக்கொடுக்கும், பார்க்கத் தெரிந்தவருக்கு.

'மூலம்: ஆங்கிலம்' என்று அட்டையில் போடுவோம்.
கீழே பொடி எழுத்தில், மொழிபெயர்த்தவராக, அவர்.
தன் வீட்டுக்கே கொல்லைப்புறமாக வந்துபோன மனிதர்.

ஏன் இந்தச் சுற்றுவழி என்றால்
தணிக்கை அலுவலகத்தில் ஒரு நீலப் பென்சில் இருந்தது.
நம் நாட்டில் கொலை இல்லை என்றது அது.
தற்கொலை அறவே இல்லை.
லஞ்சம் வாங்கும் போலீஸ்காரரா?
சிகாகோவில் இருந்துவிட்டுப் போகட்டும்.
ஆக எங்கள் பிணங்களையெல்லாம் கப்பலேற்றினோம்.

அவர் சிகாகோ போனதில்லை.
லிஸ்பனுக்கே இரண்டு தடவை, அதில் ஒன்று பல் பிடுங்க.

மெய்ப்புத் திருத்துவது என் வேலை.
பொய்யை வரிவரியாகத் தடவி மெய் பார்ப்பது.
அப்படித்தான் கவனித்தேன்:
அவருடைய சிகாகோவில் தெருக்களெல்லாம் ஆற்றைப் பார்த்துச் சரிகின்றன.
ஜன்னலுக்கு ஜன்னல் கயிற்றில் ஈரத்துணி.
துப்பறிகிறவர் ஓவர்கோட் பையிலிருந்து
சுட்ட கஷ்கொட்டை எடுத்து, ஊதி, உரித்துத் தின்கிறார்.
திருத்தட்டுமா என்று கேட்டேன்.
"எண்பத்திரண்டாம் பக்கத்தில்
ஆறு தோட்டாத் துப்பாக்கி ஏழு தடவை சுடுகிறது,
அதைத் திருத்துங்கள்.
துணி இருக்கட்டும். இன்னும் காயவில்லை."

படித்தவர்களுக்கும் தெரிந்திருந்தது.
டிராம் நடத்துனர்கள், மத்தி மீன் ஆலைப் பெண்கள்,
ஐந்து எஸ்குடோவுக்கு ஒருவர் வாங்கினால்
முதுகு பிய்ந்து தாள் உதிரும்வரை தெருவே படிக்கும்.
யாரையாவது இரவில் கூட்டிக்கொண்டு போயிருந்தால்
காலையில் ரொட்டிக் கடை வரிசையில்
ஒருவர் மெல்லச் சொல்வார்:
"நேற்று சிகாகோவில் மழை."
வேறு பேச்சு இருக்காது.

ஒரு திருடன் சிறையிலிருந்து எழுதினான்:
நீங்கள் சொன்ன கம்பி அந்தப் பூட்டுக்குச் சேரவில்லை, ஐயா.
மன்னிப்புக் கேட்டு பதில் போட்டார்,
கூடவே இரண்டு புத்தகம்.

பிறகு எழுபத்து நான்கு, ஏப்ரல்.
துப்பாக்கி வாயில் பூச்செருகிக்கொண்டு
சிப்பாய்கள் சிரித்த வாரம்.
முதலாளி அல்மிரோ படியேறி மூச்சிரைக்க வந்தார்:
"ஜெர்வாசியோ, இனி இங்கேயே கொல்லலாம்!
சொந்தப் பெயரில்!"

உட்கார்ந்தார்.
'பீப்பாய்க்காரர் தெருவில் ஒருவன் குப்புறக் கிடந்தான்.'
நல்ல வரி.
அடுத்த வரியில் அவனைத் திருப்பிப் போட்டார்,
முகம் தெரிந்துவிட்டது.

அமாதேவு. புறா வளர்ப்பவன்.
ரொட்டிக் கடையில் நாற்பது எஸ்குடோ பாக்கி.
சின்ன மகளுக்கு மாறுகண்.

"இவனைக் கொன்றது யாரென்று கண்டுபிடிக்க
தெரு முழுக்கச் சந்தேகப்பட வேண்டும் நான்.
நாற்பத்தெட்டு வருஷம் அவர்கள் செய்த வேலை அது."
தாளை உருவி என்னிடம் நீட்டினார்.
படித்தேன். பிழை ஒன்றும் இல்லை,
வால் ஒடிந்த எழுத்தைத் தவிர.

அதன்பின் அவர் எழுதவில்லை.
பதினோரு வருஷம் கழித்து ஆஸ்பத்திரியில் சாவு,
யார்மீதும் சந்தேகமில்லை.
மறுநாள் பத்திரிகையில் இரண்டே வரி:
'மொழிபெயர்ப்பாளர் காலமானார்.'
திருத்தம் கேட்டு எழுதினேன். போடவில்லை.

சவப்பெட்டியின் இடது மூலையைத்
தோளில் வாங்கியிருந்தான் அமாதேவு.
சரிவில் கால் வழுக்கி, சமாளித்து,
பக்கத்தில் இருந்தவனிடம்
கனமாக இருக்கிறாரே என்று முணுமுணுத்தான்,
தான் பிழைத்த கதை தெரியாமல்.